விட்டுச் சென்ற படகில் எலி: கடலுக்கு இறக்கும் முன் செய்ய வேண்டியவை

இடம்பெயர்ந்தபோது உங்கள் படகைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டோ வாடிக்குள் இழுத்து மூடிவிட்டோ போயிருப்பீர்கள். திரும்பி வரும்போது படகு இருந்த இடத்திலேயே இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நெடுநாள் கிடந்த படகு எலிகளுக்கு நல்ல உறைவிடம். கூடு கட்ட வலையும் கயிறும் உண்டு. ஒளிந்துகொள்ள மூடிய அறைகள் உண்டு. படகை நிமிர்த்தியதும் முகத்தில் அடிக்கும் நாற்றமே எலி குடியிருந்ததைச் சொல்லிவிடும்.

அந்த நாற்றத்தை வெறும் தொல்லையாக நினைக்க வேண்டாம். நாற்றம் எங்கே கூடுதலாக இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் எலி கூடு கட்டியிருக்கும். அங்கேதான் கடித்தும் இருக்கும். எரிபொருள் குழாயும் மிதவை அறையும் பழுதாகியிருந்தால் கரையில் தெரியாது, கடலில்தான் தெரியவரும். ஆகவே நாற்றத்தை மறைக்காமல் அது வரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

படகுக்குக் கிட்டப் போகும் முன்

உங்கள் கரைப் பகுதி கண்ணிவெடி அகற்றப்பட்டு, பாவனைக்கு விடப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். படகுக்குள்ளோ, அதன் கீழோ, பக்கத்துப் பற்றைக்குள்ளோ சந்தேகத்துக்கிடமான பொருள் எதையும் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிச் சென்று அறிவியுங்கள்.

எலி உள்ள இடத்துக்கு அதைத் தேடிப் பாம்பும் வரும். படகை நிமிர்த்தும் முன் நீண்ட தடியால் தட்டுங்கள். வலைக் குவியலுக்குள் வெறுங்கையை விட வேண்டாம். பாம்பு கடித்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

துப்புரவைத் தொடங்கும் முன், சேதங்களையும் படகில் எழுதியுள்ள பதிவு இலக்கத்தையும் படம் எடுங்கள் அல்லது கொப்பியில் குறித்து வையுங்கள். பின்னர் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது இது தேவைப்படலாம்.

துப்புரவு செய்யும் முறை

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கிருமி கை கால்களில் உள்ள காயங்கள், கண், வாய் வழியாக உடலுக்குள் போகும். எனவே இறப்பர் கையுறையும் சப்பாத்தும் அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள். காயம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

1. படகைத் திறந்து, 30 நிமிடமாவது காற்றோட விடுங்கள்.

2. எலிப் புழுக்கையையும் கூட்டையும் காய்ந்தபடி கூட்ட வேண்டாம். தூசி கிளம்பி மூச்சோடு உள்ளே போகும். முதலில் குளோரின் தண்ணீர் தெளித்து, 10 நிமிடம் ஊற விடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி குளோரின் தூள் போதும்.

3. ஊறியதைத் துணியால் வழித்து, பையில் கட்டுங்கள். செத்த எலி இருந்தால் அதையும் நனைத்து அதே பையில் போடுங்கள். கிணற்றுக்குத் தூரமாக, நாய் கிளறாத ஆழத்தில் புதையுங்கள்.

4. சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடக் கூடாது.

5. நைலோன் வலைக்குக் குளோரின் போட வேண்டாம், நூல் பலமிழந்துவிடும். சவர்க்காரத்தில் ஊறவைத்து அலசி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

குளோரினோடு வினாகிரியையோ அசிட்டையோ ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சு வாயு உண்டாகும்.

கழுவிய பின்னும் நாற்றம் இருந்தால்

எஞ்சின் பூட்டும் பலகை போன்ற மரப் பாகங்கள் எலியின் சிறுநீரை உறிஞ்சி வைத்திருக்கும். குளோரினை நன்றாக அலசிக் காயவிட்டு, மறுநாள் வினாகிரி கலந்த தண்ணீரால் மரத்தைத் துடையுங்கள். பிறகு சில நாட்கள் வெயிலில் விடுங்கள். மூடிய இடங்களில் இரவில் ஒரு சாக்கில் அடுப்புக்கரி வைத்தால் மிச்ச நாற்றத்தை இழுக்கும்.

இவ்வளவும் செய்தும் ஒரே மூலையில் இருந்து நாற்றம் வந்துகொண்டிருந்தால், எலி மிதவை அறைக்குள் போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மிதவை அறை

பைபர் படகுகளில் அணியத்திலும் இருக்கைகளுக்குக் கீழும் ரெஜிபோம் அடைத்த மூடிய அறைகள் உண்டு. படகுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் தாழாமல் தாங்குவது இவைதான். எலி ரெஜிபோமைக் குடைந்து, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பெற்றோல் கசிந்தாலும் ரெஜிபோம் கரைந்துபோகும்.

சோதிக்கும் முறை இது: எஞ்சினையும் சாமான்களையும் இறக்கிவிட்டு, அலை இல்லாத இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் படகை வைத்து, வாளியால் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். நல்ல படகு விளிம்பு தெரியச் சமமாக மிதக்கும். ஒரு பக்கம் சரிந்தாலோ, தரையில் இருந்தாலோ அந்தப் படகில் கடலுக்குப் போக வேண்டாம்.

பழுதான அறையைப் பைபர் வேலை தெரிந்தவரைக் கொண்டு திறந்து, புதிய ரெஜிபோம் அடையுங்கள். பைபர் ஒட்டும் திரவமும் ரெஜிபோமைக் கரைக்கும் என்பதால், அதைப் பொலித்தீனால் சுற்றி அடைத்த பிறகே மேலே பூச வேண்டும்.

எஞ்சின், கயிறு, அங்கி

எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இயக்க வேண்டாம். உள்ளே கூடு இருந்தால் அகற்றுங்கள். வயர்களின் மேலுறை கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருள் குழாயை முழு நீளத்துக்கும் கையால் வளைத்துப் பாருங்கள். சிறு பல் அடையாளம் இருந்தாலும் மாற்றுங்கள். கசியும் எரிபொருளும் வெறும் வயரும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இயக்கும்போது எஞ்சினின் கீழ்ப்பகுதி தண்ணீருக்குள் இருக்க வேண்டும். குளிரூட்டும் தண்ணீர் வெளியே பாய்கிறதா என்று கவனியுங்கள். பாயாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

நங்கூரக் கயிற்றை முறுக்கு விரித்துப் பாருங்கள். உயிர்காப்பு அங்கியின் தையலையும் பட்டியையும் இழுத்துப் பாருங்கள். கடிபட்ட அங்கியைத் தைத்துப் பாவிக்காமல் மாற்றுவதே பாதுகாப்பு.

எலி மீண்டும் வராமல் இருக்க

மீன் துண்டு, இரை, சோற்றுப் பொதி எதையும் படகில் விட வேண்டாம். வலையை நிலத்தில் குவிக்காமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். படகைச் சுற்றிப் பற்றையை வெட்டுங்கள். எலிப் பாசாணம் வைத்தால் எலி எட்டாத இடத்தில் போய்ச் செத்து மீண்டும் நாறும், பிள்ளைகளுக்கும் ஆபத்து. பொறி வைப்பதே நல்லது.

காய்ச்சல் வந்தால்

துப்புரவு செய்து சில நாட்களில், பொதுவாக 2 கிழமைக்குள், காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் ஏற்பட்டால் வீட்டில் இருந்து பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கண் மஞ்சளாவதும் சிறுநீர் குறைவதும் ஆபத்தான அறிகுறிகள். “எலி இருந்த படகைத் துப்புரவு செய்தேன்” என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நேரத்தோடு மருந்து எடுத்தால் எலிக்காய்ச்சலைக் குணப்படுத்தலாம்.

யாரிடம் கேட்கலாம்

படகின் சேதம், தொலைந்த பதிவுப் பத்திரம் ஆகியவை பற்றி உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் கடற்றொழில் பரிசோதகரிடமும் பேசுங்கள். எலித் தொல்லை, குளோரின், எலிக்காய்ச்சல் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

குடும்பத்தின் வருமானம் படகை நம்பியிருக்கும்போது, நாளைக்கே தொழிலுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் இருப்பது இயல்பு. ஆனாலும் குழாய், மிதவை அறை, அங்கி ஆகிய மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை படகைக் கரையிலேயே வைத்திருங்கள்.