தொழுகைக்கும் மேடைக்கும் ஒரே குரல்

கூத்தாநல்லூர்க் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டினால் நாகூர் இ.எம்.ஹனிபா பாடாமல் இருக்கமாட்டார். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்று பாடிய அதே வெண்கலக் குரல்தான் தி.மு.க. மாநாட்டிலும் அண்ணாவைப் பாடியது. 1961இல் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடும் சேர்ந்து பாடியது. பக்திக்காகப் பழகிய குரல் வேறு மேடைக்குப் போனால் என்ன ஆகும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. அமெரிக்காவின் சோல் இசை பிறந்த கதையும் அதுதான்.

அங்கே கறுப்பின மக்களின் தேவாலயங்களில் காஸ்பல் குவார்ட்டெட் என்ற பாட்டுக்குழுக்கள் இருந்தன. பெயர் நால்வர் குழு. ஆள் ஐந்தாறு பேர்கூட இருப்பார்கள். நான்கு என்பது குரல் அடுக்குகளின் கணக்கு. அடித்தொண்டைக் குரல் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுக்குரல்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அதன்மேல் முதன்மைப் பாடகர் கெஞ்சுவார், கதறுவார், அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சேர்ப்பார். ‘சோல் ஸ்டிரர்ஸ்’ குழுவின் ஆர்.எச்.ஹாரிஸ் காலத்தில் முதன்மைப் பாடகர்கள் இருவரானார்கள். ஒருவர் பாட்டைச் சூடேற்றி நிறுத்த, மற்றவர் அங்கிருந்து இன்னும் மேலே கொண்டுபோவார். கூட்டம் எழுந்து ஆடும்.

இந்த ஏற்பாட்டில் ஆண்டவர் இருந்த இடத்தில் காதலியை வைத்தால் சோல் பாட்டு கிடைத்துவிடும். ‘சதர்ன் டோன்ஸ்’ குழுவின் தேவாலயப் பாட்டொன்றின் அமைப்பை எடுத்துத்தான் ரே சார்ல்ஸ் 1954இல் ‘ஐ காட் எ உமன்’ பாடினார். பென் இ.கிங் பாடி 1961இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் பை மீ’க்கும் சோல் ஸ்டிரர்ஸ் பாட்டொன்று தூண்டுதல். வில்சன் பிக்கெட், ஜானி டெய்லர் எல்லாரும் குவார்ட்டெட்டில் பாடிவிட்டு வந்தவர்களே.

ஆனால் இடம் மாறுவது அங்கே லேசில்லை. ஹாரிஸ் விலகியபின் அவர் இடத்துக்கு வந்த சாம் குக், தம் காஸ்பல் பாட்டு ஒன்றையே காதல் பாட்டாக மாற்றி 1957இல் வெளியிட்டபோது, இசைத்தட்டில் ‘டேல் குக்’ என்று போட்டார்கள். தேவாலய ரசிகர்கள் கோபிப்பார்கள் என்ற பயம். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அதே ஆண்டு சொந்தப் பெயரில் வந்த ‘யூ செண்ட் மீ’ அமெரிக்கா முழுவதும் முதலிடம் பிடித்தது. காஸ்பல் மேடையை அவர் விட வேண்டியதாயிற்று.

ஹனிபாவுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. குக்கின் பாட்டில் ஆண்டவருக்குரிய துதி அப்படியே ஒரு பெண்ணுக்குப் போனது. விசுவாசிகளுக்கு அது உறுத்தியது. ஹனிபா அண்ணாவைப் பாடியபோது அல்லாஹ்வின் இடத்தில் யாரையும் வைக்கவில்லை. அதனால்தான் இசைத்தட்டிலும் கட்சிச் சுவரொட்டியிலும் ஒரே பெயரோடு 2015இல் மறையும்வரை அவர் இரு மேடைக்கும் சொந்தக்காரராக இருக்க முடிந்தது.