கடலில் கலக்கும் நீரை நம்பி ஒரு மீன்

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் கரீகா, புஷ்மன்ஸ், கசூகா போன்ற சிற்றாறுகள் இந்தியப் பெருங்கடலில் வந்து சேர்கின்றன. அந்தப் பகுதியின் சில கழிமுகங்களை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத மீன் ஒன்று உண்டு: ஆற்றுக் குழல்மீன். சீலகாந்த் மீனை உலகுக்கு அறிவித்த ஜே. எல். பி. ஸ்மித்தான் 1963இல் இதற்கும் சிங்னாதஸ் வாட்டர்மேயரி என்று பெயர் சூட்டினார்.

கடற்குதிரையின் நெருங்கிய உறவு இது. பென்சிலைவிட ஒல்லியான உடல். நீளம் ஒரு சாண்கூட வராது. செதிலுக்குப் பதிலாக எலும்பு வளையங்கள். கடற்புல்லின் நடுவே அசையாமல் நின்றால், எது புல், எது மீன் என்று பிரித்தறிவது கடினம். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழன்று இரை தேடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவிலான, இறாலுக்கு உறவான சிற்றுயிர் ஒன்று அருகில் வந்ததும் தலை வெடுக்கென்று மேலே நிமிரும். குழல்வாய் நீரோடு சேர்த்து அதை உறிஞ்சிவிடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. அதனால் ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

கருவைச் சுமப்பது ஆண். பெண் இடும் முட்டைகளை வாலடிப் பையில் வாங்கி, தோல்மடிப்பால் மூடிப் பாதுகாக்கிறது. குஞ்சுகள் வெளிவரும்போதே பெற்றோரின் சிற்றுருவாக இருக்கும்.

ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இந்த மீனுக்கு அந்த நீர்தான் சோறு. ஆறு கொண்டுவரும் சத்துகளில்தான் நுண்பாசி தழைக்கிறது. அதைத் தின்று மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவைதான் குழல்மீனின் இரை. கரீகாவில் அணைகள் நீரைத் தடுத்தபோது கழிமுகம் உப்பேறி, இரை அருகியது. யாரும் இதை வலைபோட்டுப் பிடித்து ஒழிக்கவில்லை. நீர் வராததே போதுமானதாக இருந்தது.

1994இல் இந்த இனம் அழிந்துவிட்டதாகவே அறிவித்தார்கள். சில ஆண்டுகளுக்குள், கிழக்கு கிளைன்மொண்ட் என்ற சின்னஞ்சிறு கழிமுகத்தில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான காலம் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக் கிடக்கும் இடம் அது. இன்றும் ஆற்றுக் குழல்மீன் உலகின் மிக அருகிய மீன்களில் ஒன்று. வேகமாக நீந்தத் தெரியாத இந்த மீன், ஒரு கழிமுகத்தில் அழிந்தால் அடுத்ததிலிருந்து வந்து குடியேறுவது அரிது. பெருவெள்ளமும் இதற்கு ஆகாது. கடற்புல்லையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். வேண்டியது அவ்வப்போது வரும் சிறிய புதுவெள்ளம். அணைகளில் முதலில் சிக்கிக்கொள்வதும் அதுதான்.