ஊசி போட்டால் தீராத வலி

புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் முளைவிட்டதோடு சரி, அதன்பிறகு மழை இல்லை. மறுவிதைப்புக்கு விதை வாங்கியாக வேண்டும். மழை பெய்தால் படைப்புழு, புழுவுக்குத் தப்பினால் காட்டுப்பன்றி, அதையும் தாண்டினால் கமிஷன் கடைக்காரர் சொல்லும் விலை. கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரி விவசாயிக்கு இவை பழகிப்போன கவலைகள். அப்படி ஒரு ஐப்பசியில் டாக்டர் முன்னால் போய் உட்காரும் ஐம்பது வயது ஆள் என்ன சொல்வார்? “மேலெல்லாம் வலி சார். ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு மருந்தடிக்கப் போகணும்.”

மனசு சரியில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார். வீட்டில் விசாரித்தால் வேறு கதை வரும். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். நல்லது கெட்டதுக்கு மட்டும் குடித்தவர் இப்போது அன்றாடம் குடிக்கிறார். சாப்பாட்டுத் தட்டு பாதியிலேயே நகர்கிறது.

இது மனச்சோர்வாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மருத்துவர்களுக்கே தோன்றாத காலம் ஒன்று இருந்தது. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 1980களில் பொது மருத்துவர்களுக்கெல்லாம் மனச்சோர்வைக் கண்டறியப் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பிறகு பெண்களின் தற்கொலை குறைந்தது, ஆண்களுடையது அசையவில்லை. ஏன் என்று தேடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. பெரும்பாலான ஆண்கள் மருத்துவரிடம் வரவே இல்லை. வந்தவர்களும் அழவில்லை, எரிச்சலும் குடியுமாக வந்தார்கள். அதற்கென்று தனிக் கேள்விப் பட்டியலே பிறகு உருவானது. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கோபம், குடி, கண்மண் தெரியாத துணிச்சல் ஆகியவற்றையும் அறிகுறிகளாகச் சேர்த்துக் கணக்கிட்டது. பெண்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகம் என்ற பழைய இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துபோனது.

ஆண்களின் இந்தத் துயரத்தை நம் நாட்டுக் கணக்கும் காட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நூற்றுக்கு சுமார் 72 பேர் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர்.

உடனே ‘ஆண்மைதான் நோய்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜோயல் வாங்கும் அவருடைய குழுவும் சுமார் 19,000 பேரின் தரவுகளைத் திரட்டி 2017இல் அலசினார்கள். ஆணுக்குரியதாகச் சொல்லப்படும் குணங்களைத் தனித்தனியாகப் பிரித்து, எது மனநலத்தைக் கெடுக்கிறது என்று பார்த்தார்கள். உழைப்பே பெரிது என்று நினைப்பதற்கும் மனநலக் கேட்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. அதிகம் கெடுத்தவை மூன்று: எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்ற வீம்பு, பெண்கள்மீது அதிகாரம், பல பெண்களோடு பழகுவதைப் பெருமையாக நினைப்பது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 14,000 ஆண்களிடம் நடந்த ஆய்விலும், தற்கொலை எண்ணத்தோடு சேர்ந்து நின்றது அந்த முதல் வீம்புதான்.

கரிசல்காட்டில் இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வெயிலில் நின்று களை எடுக்கும் உடம்பையோ, மழை பொய்த்தாலும் மறுபடி கலப்பை பூட்டும் பிடிவாதத்தையோ யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அவை இல்லாமல் அங்கே பிழைக்க முடியாது. சிக்கல், ‘யார் கையையும் எதிர்பார்க்காதே’ என்பதில் இருக்கிறது. சொல்லப்போனால் மானாவாரியில் யாருமே தனியாகப் பிழைப்பதில்லை. உரக்கடையில் கடன், சொசைட்டியில் நகைக்கடன், பயிர்க் காப்பீட்டுக்குக் காத்திருப்பு. அடகுக்குப் போவது மனைவியின் சங்கிலி. மொத்தக் கடன் எவ்வளவு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

பயிர் கருகினால் இதே ஆட்கள் காய்ந்த தட்டையைக் கையில் பிடித்தபடி குறைதீர் கூட்டத்துக்குப் போய் ஆட்சியரிடம் உரக்கக் கேட்கிறார்கள். அதில் ஒருவருக்கும் கூச்சமில்லை. விவசாயிகளைத் திரட்டிப் போராடிய நாராயணசாமி நாயுடு 1984இல் உயிர்விட்டது இந்தக் கோவில்பட்டியில்தான். கூடி நின்று கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பயிருக்குக் கேட்கிற வாய், தனக்கு என்றால் ஏன் அடைத்துக்கொள்கிறது?

இன்னொரு கரிசல் பூமியில் இதற்கு வழி பார்த்தார்கள். மகாராஷ்டிராவின் விதர்பாவில், பருத்தி விளையும் அமராவதி மாவட்டத்தின் 30 ஊர்களில் ‘விஷ்ராம்’ என்ற திட்டம் நடந்தது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகவும் கூட்டம் கூட்டியும் பேச வைத்தார்கள். தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் சேர்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் உதவி நாடியவர்கள் முதலில் 4.3 சதவீதம், பதினெட்டு மாதத்தில் 27.2 சதவீதம். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 5.2இலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த கணக்கு இது.

இங்கேயும் செய்யலாம். ‘மனநலம்’ என்று பலகை வைத்த முகாமுக்கு ஆண்கள் வர மாட்டார்கள். டீக்கடை பெஞ்சுக்கும் ஆட்டுச்சந்தைக்கும் உரக்கடைக்கும் நாம்தான் போக வேண்டும். “மனசு எப்படி இருக்கு” என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். “மாப்ள, ராத்திரி தூக்கம் வருதா?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். சாகலாம் போலிருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக முளைப்பதில்லை. இதுவும் ஆய்வுகள் சொல்வதே. போலீஸ் கேஸாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டு ஆண்களின் செல்போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.