அணுவைப் பற்றி மாறிவரும் அபிப்பிராயம்

சுபாங் ஜெயாவிலிருந்து அதிக தூரமில்லாத பாங்கியில், 1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் ஓர் அணு உலை இயங்கி வருகிறது. ஆழமான நீர்த்தொட்டியின் அடியில், எரிபொருள் கோல்களைச் சுற்றி நீல ஒளி பரவ நிற்கும் அந்த 1 மெகாவாட் உலை, மின்சாரத்துக்காக அன்றி ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமே பயன்படுகிறது. நாற்பது ஆண்டுகளாக அதன் பக்கத்திலேயே பெரும் பீதியின்றி வாழ்ந்துவரும் ஜனங்கள், அணுமின் நிலையம் என்ற பிரஸ்தாபம் எழுந்தபோதெல்லாம் முகம் சுளித்தது ஏன்?

செர்னோபிலையும் புகுஷிமாவையும் காட்டுவோர் உண்டு; 2011 ஜனவரியில் அணுமின் கழகம் ஒன்றை அரசாங்கம் அமைத்த இரண்டே மாதத்தில் புகுஷிமா விபத்து நேர்ந்ததும் உண்மையே. ஆயினும் அச்சத்தின் வேர் ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில் இருக்கிறது என்பதே என் துணிபு. ஈயச் சுரங்க மணலிலிருந்து கிடைத்த தாதுவில் அருமண் உலோகங்களைப் பிரித்த ஏசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவு தங்களைப் பாதிக்கிறது என்று 1985இல் வழக்குத் தொடுத்த குடியிருப்பாளர்கள், 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்று, மறு ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். வழக்கில் வென்ற ஆலையோ 1994இல் தானே கதவடைத்தது. அது மின் நிலையமே அன்று. எனினும் 2018இல் டாக்டர் மகாதீர் அணுமின்சாரம் வேண்டாம் என்றபோது, கழிவை என்ன செய்வது என்பதையே பிரதான ஆட்சேபமாக முன்வைத்தார்.

இன்று காற்று திசை மாறியிருக்கிறது. ஜொகூரில் பெருகும் டேட்டா சென்டர்களின் மின்பசியும், நிலக்கரியைக் கைவிட வேண்டிய நிர்ப்பந்தமும் சேர, 2025 ஜூலையில் வெளியான 13ஆவது மலேசியத் திட்டம் அணுசக்தியை மீண்டும் பரிசீலனைக்குக் கொண்டுவந்தது. (அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, ஹரிராயா மறுநாளில், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து விண்ணளாவிய தீயைக் கண்ட சுபாங் ஜெயாவாசிகளுக்கு, நாம் பழகிப்போன எரிபொருளும் சாதுவானதல்ல என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.)

ஆனால் ஆதரவு பெருகுவதனால் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். உலைக் கழிவு வேறு வகையைச் சேர்ந்தது, அளவிலும் சிறியது என்று நிபுணர்கள் விளக்குவது சரியே. அதை எந்த மாநிலத்து மண்ணில், யாருடைய மேற்பார்வையில் வைப்பது என்பதை, உலைக்கு இடம் பார்க்கும் முன்னரே அரசாங்கம் சொல்லியாக வேண்டும்.