குமரகம்: வாங்குபவரையும் விளைவிப்பவரையும் சேர்த்துவைத்த அரசு

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டு ஏரிக்கரையில் இருக்கிறது குமரகம். அங்கே சொகுசு விடுதிகள் பெருகியும் ஊராருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. விடுதிச் சமையலுக்கான காய்கறி வெளியூர்ச் சந்தைகளிலிருந்து வந்து இறங்கியது. விளைநிலங்கள் கைமாறின. விடுதிகள் மீது ஊரில் கோபம் மூண்டது.

இந்தச் சூழலில்தான் கேரள அரசு 'பொறுப்புள்ள சுற்றுலா' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2008இல் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய இடங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது.

அரசு செய்தது என்ன?

தினமும் ஒரே தரத்தில், கேட்ட அளவில் காய்கறி வருமா என்பது விடுதிக்காரர்களின் கவலை. விளைவித்த பிறகு வாங்க மறுத்தால் என்ன செய்வது என்பது ஊராரின் பயம். இரு தரப்பையும் ஊராட்சியும் சுற்றுலாத் துறையும் ஒரே மேசையில் உட்காரவைத்தன. விலையை முடிவுசெய்ய ஒரு குழுவும் தரத்தைப் பார்க்க இன்னொரு குழுவும் அமைந்தன. விடுதிகளுக்கு எப்போது என்ன தேவை என்று முன்பே கேட்டு, அதற்கேற்பப் பயிரிடும் அட்டவணை தயாரானது. கேரள அரசின் 'குடும்பஸ்ரீ' திட்டத்தைச் சேர்ந்த மகளிர் குழுக்கள் தரிசு நிலங்களிலும் சாகுபடி செய்தன. விளைச்சல், அதைச் சேகரித்து விற்கும் 'சம்ருத்தி' குழு வழியாக விடுதிகளுக்குப் போனது.

அடுத்தது கிராமச் சுற்றுலா. கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் வலை வீசுவதையும் பயணிகள் நேரில் பார்க்கலாம். அவர்கள் கட்டும் பணத்தில் அந்தத் தொழில் செய்வோருக்கும் பங்கு உண்டு.

பொதுக் கொள்கையிலும் நிர்வாகத்திலும் புதுமை செய்ததற்கான ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிஸஸ் விருது 2014 ஜனவரியில் இம்முயற்சிக்காகக் கேரளத்துக்கு வழங்கப்பட்டது. 2017இல் இதற்கென்றே தனி இயக்கம் தொடங்கி, மாநிலம் முழுவதும் திட்டத்தை விரிவாக்கினார்கள்.

மிச்சமிருக்கும் வேலை

பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002இலேயே இடம்பெற்ற ஏரி வேம்பநாடு. ஆனாலும் படகு வீடுகளின் கழிவும் எண்ணெயும் அதில் கலப்பது தீராத பிரச்சினையாகவே இருக்கிறது. படகுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதும், கழிவை ஏரியில் விடுபவரின் உரிமத்தை ரத்து செய்வதும் மகளிர் குழுவாலோ விடுதியாலோ ஆகிற காரியமல்ல. அந்த அதிகாரம் அரசிடம் மட்டுமே இருக்கிறது.

கிராமச் சுற்றுலா என்றதும் வரவேற்பு வளைவுக்கும் விளம்பரத்துக்கும் நிதி ஒதுக்கும் அரசுகள் குமரகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பலன் தந்தவை விலைக் குழுவும் பயிர் அட்டவணையும்தான்.