கைது செய்ய வந்தால்...

"போலீசாரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்." செய்தித்தாளில் இந்த வரி அடிக்கடி வருகிறது. இது என்ன குற்றம்?

தள்ளுவண்டியில் பழம் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை. கைகலப்பு ஆகிவிட்டது. கடைக்காரர் புகார் கொடுத்தார். போலீஸ் வந்தது. "ஸ்டேஷனுக்கு நட" என்றது.

"எதற்காக ஐயா? என்ன வழக்கு?" என்று பழக்காரர் கேட்கிறார். இது குற்றமா? இல்லை. கைதுக்கு உரிய காரணத்தைக் கைதானவருக்குச் சொல்லியே ஆகவேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. "என் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள்", "வக்கீலைப் பார்க்கவேண்டும்" என்று கேட்பதும் உரிமைதான்.

பழக்காரர் கையை உதறிக்கொண்டு ஓடினால் கதை வேறு. சட்டப்படி செய்யும் கைதை எதிர்த்தாலோ, தடுத்தாலோ, தப்பினாலோ 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 262-ஆம் பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 224-ஆம் பிரிவாக இருந்தது. போலீஸ்காரரை அடித்தால், தள்ளினால் 132-ஆம் பிரிவும் சேரும். அதற்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. அதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. நீதிமன்றம் மனம் வைத்தால்தான் கிடைக்கும். சண்டை வழக்கு சின்னது. பிற்பாடு சேர்ந்த வழக்குதான் பெரியது.

"நான் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் ஏன் போகவேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். பலரும் சறுக்கி விழுவது இங்கேதான். கைது சரியா, தப்பா என்று முடிவு செய்வது நீதிமன்றம். போலீஸ்காரர் தம் பதவியின் பேரில், நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்தில் சட்டப் பிசகு கொஞ்சம் இருக்கலாம். அப்போதும் அவரைத் திருப்பி அடிக்கும் உரிமை நமக்குக் கிடையாது. உயிர் போகும், பெரிய காயம் படும் என்ற நியாயமான பயம் இருந்தால் மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். கையை ஓங்கிவிட்டால் வழக்கில் அது எடுபடுவது கஷ்டம்.

போலீசுக்கும் வரம்பு உண்டு. "வருகிறேன்" என்று சொல்லி ஒருவர் நடந்தால், அவர் உடம்பைத் தொட்டுப் பிடிக்கத் தேவை இல்லை. தப்பாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. பெண்களை மாலை இருட்டிய பிறகும் விடியும் முன்பும் கைது செய்யக் கூடாது. மிக அவசரம் என்றால், பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும்.

கைது செய்யும்போது போலீஸ் ஒரு காகிதம் எழுதவேண்டும். அதற்குக் கைதுக் குறிப்பு என்று பெயர். இந்தக் காகிதம் வந்த கதை பெரியது. 1986-இல் மேற்கு வங்காளத்தில் சட்ட உதவிப் பணியில் இருந்த டி.கே. பாசு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். போலீஸ் காவலில் மனிதர்கள் சாவதைப் பற்றிய கடிதம் அது. நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. போலீஸ்காரர் பெயர் தெரியும்படி பட்டை அணியவேண்டும். கைதுக் குறிப்பு எழுதவேண்டும். உறவினர் அல்லது நண்பருக்குத் தகவல் தரவேண்டும் என்று அது உத்தரவிட்டது. இன்று இவை சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

கைதுக் குறிப்பில் தேதியும் நேரமும் இருக்கவேண்டும். வீட்டாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போடவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஆனாலும் பரவாயில்லை, மெல்லப் படித்த பிறகே போடவேண்டும். முக்கியமாக, நேரத்தைப் பார்க்கவேண்டும். காலை 10 மணிக்குப் பிடித்துவிட்டு இரவு 9 மணி என்று எழுதினால் என்ன ஆகும்? 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு கொண்டுபோகவேண்டும் என்பது விதி. வழிப் பயணம் மட்டும் கணக்கில் சேராது. குறிப்பில் நேரம் மாறினால் கணக்கே மாறிவிடும். பாதி நாள் காணாமல் போகும். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது. போலீஸ் விசாரணையில் நாம் சொல்வதை எழுதிக்கொண்டாலும் அதில் கையெழுத்து வாங்கச் சட்டத்தில் இடம் இல்லை.

கைதானவுடன் டாக்டர் பரிசோதனை உண்டு. காயம் இருந்தால் காட்டவேண்டும், எப்படிப் பட்டது என்று சொல்லவேண்டும். டாக்டர் அதை எழுதுவார். அதன் பிரதியைக் கேட்டு வாங்கலாம். "இவர்தான் எங்களை அடித்தார்" என்று போலீஸ் சொல்லும் வழக்கில், யார் உடம்பில் என்ன காயம் என்பது பெரிய சாட்சி. மாஜிஸ்திரேட் முன்பு நிற்கும்போதும் பயப்படாமல் சொல்லலாம்: "ஐயா, என்னை அடித்தார்கள்", "என்னிடம் வக்கீல் இல்லை."

பணம் இல்லாவிட்டால் யார் வக்கீல் தருவார்? அரசு தரும். 1987-இல் போட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடப்புக்கு வந்தது. காவலில் உள்ள எவரும் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரும் கேட்கலாம். இவர்களுக்கு வருமானக் கணக்குப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் ஏழைகள் என்றால் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இதற்கு அலுவலகம் உண்டு. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வராதவருக்கு அங்கேயே எழுதித் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலம் மனுக் கொடுக்கலாம். அந்த வக்கீலுக்கு நாம் ஃபீஸ் தரவேண்டாம். கேட்டால் ஆணைக்குழுவிடம் சொல்லலாம்.

வக்கீல் முதலில் என்ன பார்ப்பார்? கைதுக்குக் காரணம் சொன்னார்களா, நேரம் சரியா, அங்கே நின்றவர்கள் யார், பக்கத்துக் கடையில் கேமரா இருந்ததா என்று கேட்பார். கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும். அதனால் வீட்டார் முதல் நாளே சொல்வது நல்லது. பிறகு ஜாமீன் மனுப் போடுவார். இந்த மாதிரி வழக்கில் ஒருவர் சிறையில் இருந்து 60 நாள் ஆகியும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமை ஆகிவிடும். அது தானாக வராது. மனுப் போட்டுக் கேட்கவேண்டும்.