கொட்டியாரத்தின் வரலாற்றை நாமே எழுதவேண்டும்

உலக வரலாற்றில் இடம்பெற்ற மனிதர்கள் எங்கோ தொலைதேசங்களில் வாழ்ந்தவர்கள் என்றே நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால், உலகப் புகழ்பெற்ற நூலொன்றின் கதை திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மூதூர்க் கரையில்தான் ஆரம்பமாகிறது. அந்தக் கதையில் நமக்குரிய பங்கு எங்கே போயிற்று என்பதுதான் இன்று நாம் சிந்திக்க வேண்டியதாகும்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் நாட்டுவதற்கும் அந்த இடைவேளையில் வாணிபம் செய்வதற்குமாக அது கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. அப்போது இப்பகுதி கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது. மன்னனுக்குக் கடிதமும் காணிக்கையும் அனுப்பும் வழமையை வந்தவர்கள் கடைப்பிடிக்கவில்லை. இதனால் ஐயங்கொண்ட மன்னனின் ஆட்கள் 1660 இல் கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸையும் அதே பெயர்கொண்ட அவரது மகனையும் உள்ளிட்டுப் பதினைந்துக்கும் மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தனர். தலைவர் பிடிபட்டது மூதூரில் ஒரு புளியமரத்தடியில் என்பர். அவ்விடத்தில் பிற்காலத்தில் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது.

பத்தொன்பது வயதான மகன், செய்தி சொல்வதற்காகக் கப்பலுக்கு அனுப்பப்பட்டான். தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும், தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காகத் திரும்பிவந்தான். மறு ஆண்டே தந்தை நோயுற்று இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்றும் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்தார். 1679 இல் மன்னார் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சென்றடைந்து விடுதலை பெற்றார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், அக்கால இலங்கையை அறிவதற்கு இன்றும் ஆய்வாளர்கள் நாடும் மூலநூலாகும். டானியல் டீபோ 1719 இல் எழுதிய ‘ரொபின்சன் குரூசோ’வுக்கு உந்துதல் அளித்தவற்றுள் இதுவும் ஒன்று என்பது பலரின் கருத்து.

இவ்வளவும் பலர் அறிந்ததே. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அக்கப்பலில் வந்த துணிகள் பரங்கிப்பேட்டை வணிகர்களுக்கு உரியவை. அவ்வணிகர்களும் அதே கப்பலில் வந்து கொட்டியாரத்தில் இறங்கினர். மஹ்மூது பந்தர் எனவும் அழைக்கப்பட்ட பரங்கிப்பேட்டை, தமிழ்பேசும் முஸ்லிம் கடலோடிகளால் பெயர்பெற்ற துறை. கொட்டியாரம் ஆங்கிலேயருக்குப் புதிய கரையாக இருந்திருக்கலாம். சோழமண்டலக் கரையின் வணிகருக்கோ அது தெரிந்த சந்தை.

பரங்கிப்பேட்டையிலிருந்து தந்தை நொக்ஸ் பணிக்கென அழைத்துவந்த சிறுவன் ஒருவனும் அங்கிருந்தான். தந்தை இறந்த வேளையில், ஊரவரின் மொழி அறியாத மகனுக்காக அவர்களிடம் பேசி உதவி கேட்டவன் அவனே. நூல் அவனைக் ‘கறுப்புச் சிறுவன்’ என்கிறது, பெயரைச் சொல்லவில்லை. நொக்ஸ் எழுதினார், ஆகவே உலகம் அவரை அறிந்தது. எழுதாதவர்கள் பிறர் நூலில் ஒரு வரியாக நின்றுவிட்டனர்.

இதற்காக நொக்ஸைக் குறைகூறிப் பயனில்லை. நம் காலத்திலும் இதே தவறு நிகழ்கிறதா என்பதே கேள்வி. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை மூதூரையும் கிண்ணியாவையும் தாக்கியது. 2006 ஆகஸ்டில் மூதூரில் மூண்ட போரினால் முஸ்லிம்களும் தமிழரும் பல்லாயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். இவை குறித்து அறிக்கைகள் பல உண்டு. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் எண்ணிக்கைகளே. இழந்தவர்களின் சொற்கள் அல்ல. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை படகுப் பாதையையே நம்பி வாழ்ந்த தலைமுறையின் நினைவுகளும் முதியவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

பாடசாலைகளும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும், பள்ளிவாசல் மற்றும் ஆலய நிர்வாகங்களும் இப்பணியில் கைகோர்க்கவேண்டும். முதியவர்களின் வாய்மொழியைப் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் பதிவு செய்வதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. தமிழர் ஒரு வரலாற்றையும் முஸ்லிம்கள் வேறொரு வரலாற்றையும் எழுதாமல், ஒரே குடாவின் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்கள் என்ற உணர்வோடு சேர்ந்து எழுதவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். பரங்கிப்பேட்டைச் சிறுவனின் பெயரை இனி நாம் மீட்கமுடியாது. நம்மிடையே இன்று வாழ்பவர்களின் பெயர்களையாவது இழந்துவிடக் கூடாது.